சாப்பரல் புதர்க்காட்டில் திட்டமிட்ட தீ: எலிகளுக்கு என்ன ஆகிறது என்று அளப்பது எப்படி

கலிபோர்னியாவின் மலைச்சரிவுகளை மூடிக் கிடக்கும் புதர்க்காட்டுக்குச் சாப்பரல் என்று பெயர். சமீஸ், மன்சனிட்டா, சியனோத்தஸ், குட்டை ஓக் எல்லாம் ஆள் உயரத்துக்கு மேல் பின்னிக்கொண்டு நிற்கும். பல இடங்களில் கத்தியில்லாமல் உள்ளே நுழைய முடியாது. குடியிருப்புகளை ஒட்டிய பகுதிகளில் எரிபொருளைக் குறைக்க, கூட்டாட்சி வனத்துறையும் கால்ஃபயர் எனப்படும் மாநிலத் தீயணைப்புத் துறையும் இந்தப் புதர்களுக்குத் திட்டமிட்டுத் தீ வைக்கின்றன. அந்தத் தீ அங்கு வாழும் எலி, சுண்டெலி, குறுமுயல்களை என்ன செய்கிறது என்று நம்பகமாக அளப்பதற்கும், அளந்ததை வைத்து எரிப்புத் திட்டத்தைத் திருத்துவதற்குமான வழிமுறை இது.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். தீ எரியும் அந்தச் சில மணி நேரத்தில் சாகும் எலிகள் பெரும்பாலும் குறைவு. பிழைத்தவை அடுத்த சில மாதங்களில் ஒளிய இடமில்லாமல் ஆந்தையிடமும் கொயோட்டியிடமும் சிக்குகின்றன, அல்லது பசியில் மெலிந்து இடம்பெயர்கின்றன. அதனால் மறுநாள் சாம்பலில் சடலம் தேடி எண்ணுவது எதையும் சொல்லாது. கணக்கெடுப்பைத் தீக்கு ஓராண்டாவது முன்பே தொடங்கி, தீக்குப் பின் மூன்றாண்டாவது நடத்த வேண்டும். இதற்கான பணமும் ஆளும் இல்லையென்றால் பாதியில் தொடங்காமல், அந்தப் பணத்தைக் கடைசிப் பகுதியில் சொல்லியிருக்கும் எரிப்புத் திருத்தங்களுக்குச் செலவிடுவது மேல்.

மண்ணுக்கு அடியில்

கடுமையான சாப்பரல் தீயில் மண்ணின் மேற்பரப்பு 700 டிகிரி செல்சியஸை ஒட்டி ஏறலாம். வெறும் 2.5 செ.மீ. ஆழத்தில் அது 200 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும். 15 செ.மீ. ஆழத்தில், உலர்ந்த மண்ணில், பெரும்பாலான தீக்களில் சில டிகிரி மட்டுமே கூடும். வளைக்குள் இருக்கும் கங்காரு எலியும் கன்னப்பைச் சுண்டெலியும் தப்புவது இதனால்தான்.

சூடு மட்டும் கணக்கில்லை, ஈரமும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எலிகளுக்கு வியர்க்காது, எச்சிலை ரோமத்தில் தடவியும் மூச்சு வழியாகவும்தான் உடலைக் குளிர்விக்கின்றன. உலர்ந்த காற்றில் 59 முதல் 63 டிகிரி வரையிலான சூடு அவற்றுக்கு உயிர்போகும் எல்லை. வளைக்குள் நீராவி நிறைந்தால் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே மடியும். இரண்டு மூன்று வாய்கள் உள்ள வளையில் காற்று ஓடும். ஒரே வாய் உள்ள வளையில் புகையும் ஈரமும் தேங்கும். ஈர மண்ணில் வைக்கும் தீ எலிக்கு மென்மையானது என்று திட்டங்களில் எழுதுவார்கள். ஆழமில்லாத வளைகளுக்கு அது எப்போதும் பொருந்தாது.

இதை அளக்க, பொத்தான் வடிவ வெப்பப் பதிவுக்கருவிகளை 5, 10, 15 செ.மீ. ஆழத்தில் புதையுங்கள். சாதாரண வகை 85 டிகிரிக்கு மேல் தாங்காது, 5 செ.மீ. குழிக்கு 125 டிகிரி வரை தாங்கும் வகையை வாங்குங்கள். புதைத்த இடத்தை இரும்புக் கம்பியால் குறித்து, ஒவ்வொரு குழியும் எந்தப் புதருக்கு அடியில், எந்த இடைவெளியில் இருக்கிறது என்று எழுதிவையுங்கள். சருகு மெத்தையாகக் கிடக்கும் சமீஸ் அடிக்கும் வெறுந்தரைக்கும் நடுவே உள்ள வித்தியாசம், இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே உள்ளதைவிடப் பெரிதாக இருப்பதுண்டு.

எந்தெந்த விலங்குகள்

தீ எல்லோரையும் ஒரே மாதிரி தொடுவதில்லை. எல்லா இனங்களையும் கூட்டி ‘எலிகள் எத்தனை’ என்று ஒரே எண்ணாகக் கொடுக்கும் அறிக்கை பெரும்பாலும் தவறான முடிவைத்தான் சொல்லும். ஓரினம் சரிய, இன்னொன்று பெருக, கூட்டுத்தொகை அசையாமல் நிற்கும்.

மிகவும் பாதிக்கப்படுவது வுட்ராட். குச்சிகளை அடுக்கி ஒரு மீட்டருக்கு மேல் உயரமான கூடு கட்டும் எலி இது. எடை 200 முதல் 300 கிராம். ஒரே கூட்டைத் தலைமுறை தலைமுறையாகப் பழுதுபார்த்துப் பயன்படுத்தும். தீ வரும்போது பல சமயம் கூட்டுக்குள்ளேயே ஒடுங்கிக்கொள்ளும். கூடு என்பதோ காய்ந்த விறகுக் குவியல். வளை தோண்டும் எலிகள் தப்பும் அதே தீயில் வுட்ராட் கூடோடு எரியும். மீண்டும் குடியேறப் புதர் மூடி வளர வேண்டும், குச்சி சேர வேண்டும். ஓரிரு ஆண்டில் ஆகிற காரியமில்லை.

கலிபோர்னியா சுண்டெலியும் அடர்ந்த புதரைச் சார்ந்தது. சுண்டெலிகளில் பெரியது, 35 முதல் 50 கிராம் வரை இருக்கும். ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் குட்டி வளர்ப்பதால் ஒன்று போனால் மற்றதன் குட்டிகளும் தடுமாறும். மான் சுண்டெலி இதற்கு நேரெதிர். 15 முதல் 25 கிராம் எடையுள்ள இது எரிந்த இடத்துக்கு முதலில் வந்து சேரும். கங்காரு எலிக்குத் தாவி ஓடத் திறந்த தரை வேண்டும். தீ அதற்குப் பெரும்பாலும் நன்மையே. பிரஷ் முயல் புதரின் ஓரத்திலிருந்து சில மீட்டருக்கு மேல் போகாது. தரை எரிந்துவிட்டால் அதற்கு அங்கே வேலையில்லை.

கட்டம் போடுதல்

கட்டம் என்பது வரிசையாகப் பொறி வைக்கும் சதுரப் பரப்பு. எரிக்கப்போகும் பகுதியில் மூன்று கட்டங்கள், எரிக்காத பகுதியில் மூன்று கட்டங்கள். இதற்குக் குறைந்தால் முடிவு நிற்காது. சரிவின் திசை, உயரம், புதரின் வயது, முதன்மைப் புதர் இனம் நான்கும் இரு தரப்பிலும் ஒத்திருக்க வேண்டும். வடக்குச் சரிவை எரித்துவிட்டுத் தெற்குச் சரிவோடு ஒப்பிட்டால் தீயின் விளைவையும் வெயிலின் விளைவையும் பிரிக்கவே முடியாது. முடிந்தால் மூன்று எரிப்புக் கட்டங்களும் வெவ்வேறு எரிப்புகளில் இருக்கட்டும். ஒரே தீக்குள் மூன்று கட்டம் போட்டால் அந்த ஒரு தீயைப் பற்றி மட்டுமே பேச முடியும். அதையும் அறிக்கையில் வெளிப்படையாக எழுத வேண்டும்.

ஒவ்வொரு கட்டத்திலும் வரிசைக்கு ஏழாக ஏழு வரிசை, மொத்தம் 49 பொறி நிலைகள், 15 மீட்டர் இடைவெளி. பக்கம் 90 மீட்டர், பரப்பு 0.81 ஹெக்டேர். கட்டத்தின் நடுப்புள்ளி எரியும் எல்லையிலிருந்து குறைந்தது 100 மீட்டர் உள்ளே இருக்கட்டும். இல்லாவிட்டால் பக்கத்துப் புதரிலிருந்து இரவில் மேய வரும் எலிகளைக் குடியிருப்பவை என்று எண்ணிவிடுவீர்கள்.

நிலைகளைக் குறிக்கப் பிளாஸ்டிக் கொடி வேண்டாம். தீயில் உருகிப் போகும், பிறகு எந்த நிலை எங்கே என்றே தெரியாது. 60 செ.மீ. கட்டுமானக் கம்பியை அடித்து, எண் குத்திய அலுமினியத் தகட்டை இரும்புக் கம்பியால் கட்டுங்கள். கடும் தீயில் அலுமினியமும் உருகும் என்பதால் நான்கு மூலைகளின் ஜிபிஎஸ் குறிப்பும் கையில் இருக்க வேண்டும். புதர் அடர்த்தியால் உள்ளே போக வழி வெட்டவேண்டி வந்தால், எரியும் கட்டம், எரியாத கட்டம் இரண்டிலும் ஒரே அகலத்தில் வெட்டுங்கள். வெட்டிய வழியே எலிகளின் நடமாட்டத்தை மாற்றும்.

தாவர அளவீட்டுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் 50 மீட்டர் நாடாவை விரித்து, 50 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, அங்கே புதரா, புல்லா, சருகா, வெறுந்தரையா, எத்தனை உயரம் என்று பதியுங்கள். தீக்குப் பின் இதோடு இன்னொன்றும் சேரும்: ஒவ்வொரு பொறி நிலையிலிருந்தும் அருகிலுள்ள எரியாத மறைவுக்கு எத்தனை மீட்டர். கடைசியில் அதிகம் விளக்கம் தரும் எண் இதுவாகவே இருக்க வாய்ப்பு.

பொறியும் இரையும்

மடிக்கும் அலுமினிய ஷெர்மன் பொறிதான் வழக்கம். பெரிய அளவு, அதாவது சுமார் 8 × 9 × 23 செ.மீ. கங்காரு எலி இருக்கும் இடத்தில் 30 செ.மீ. நீளமுள்ளதை வாங்குங்கள். குட்டைப் பொறியில் கதவு அதன் நீண்ட வாலை நசுக்கும்; வால்நுனி போன கங்காரு எலி தாவும்போது சமநிலை இழக்கும். வுட்ராட் கூட்டருகே கம்பிவலைப் பொறி நன்றாக வேலை செய்யும்.

இரைக்கு ஓட்ஸும் பறவைத் தீவனமும் சரிபாதி போதும். தீவனத்தை அடுப்பில் வறுத்தோ மைக்ரோவேவில் சூடாக்கியோ முளைக்காதபடி செய்தபின் எடுத்துப் போங்கள். எரிந்த நிலத்தில் சிந்தும் ஒவ்வொரு விதையும் களையாக முளைக்கத் தயாராக இருக்கும். வேர்க்கடலை வெண்ணெய் மணத்தால் இழுக்கும், ஆனால் எறும்பையும் இழுக்கும். அடைபட்ட எலியை எறும்பு கொன்றுவிடும். வெப்பக் காலத்தில் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

குளிர் இரவுகளில் பொறிக்குள் பாலியெஸ்டர் பஞ்சு ஒரு பிடி வையுங்கள். சாதாரணப் பருத்திப் பஞ்சு நனைந்தால் சூடு தராது. மாலை மங்கும்போது திறந்து, விடியும் முன் பார்க்கத் தொடங்கி, வெயில் ஏறும் முன் மூடிவிட வேண்டும். எரிந்த சரிவில் நிழல் என்று ஒன்று இருக்காது, கறுத்த தரை வேகமாகச் சூடேறும்; அலுமினியப் பெட்டிக்குள் அடைபட்ட விலங்கு தாங்காது. தீக்குப் பின் ஒவ்வொரு பொறிக்கும் மேலே ஒரு மரப்பலகையைச் சாய்த்து வைப்பதும், கட்டத்துக்கு இருவர் என ஆள் கூட்டுவதும் கட்டாயம். மூஞ்சூறு கிடைக்கும் பகுதியானால் நள்ளிரவில் இன்னொரு சுற்றும் வேண்டும். சில மணி நேரம் உண்ணாவிட்டாலே அது இறந்துவிடும்.

சாம்பல் மிதிதட்டின் கீழ் புகுந்து அடைத்துக்கொள்ளும். எலி உள்ளே போய் இரையைத் தின்றுவிட்டு வந்திருக்கும், கதவு விழுந்திருக்காது. எரிந்த கட்டத்தில் இது நடந்து எரியாத கட்டத்தில் நடக்காவிட்டால் உங்கள் ஒப்பீடே கோணலாகிவிடும். தினமும் சிறு தூரிகையால் சுத்தம் செய்து, விரலால் தட்டி விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

ஒரு சுற்று என்பது தொடர்ந்து நான்கு இரவுகள்; அதற்கு முன் இரண்டு இரவு கதவைத் திறந்தே கட்டி வைத்து இரை போட்டுப் பழக்குங்கள். எல்லாச் சுற்றுகளையும் அமாவாசையை ஒட்டியே வையுங்கள். நிலவொளியில் கங்காரு எலி வெளியே சுற்றுவதைக் குறைத்துக்கொள்ளும், அதிலும் மறைவில்லாத எரிந்த தரையில். முதல் சுற்று அமாவாசையில், அடுத்தது பௌர்ணமியில் என்றால் நீங்கள் தீயை அல்ல, நிலவை அளந்திருப்பீர்கள். கன்னப்பைச் சுண்டெலிகள் குளிர்காலத்தில் வளைக்குள் மந்த உறக்கத்தில் கிடக்கும் என்பதையும் மறக்கக்கூடாது. ஜனவரியில் அவை பொறியில் விழவில்லையென்றால் தீயில் செத்தன என்று பொருளில்லை.

கையில் எடுத்த பின்

மாநில மீன், வனவிலங்குத் துறையின் அறிவியல் சேகரிப்பு அனுமதி இல்லாமல் ஒரு பொறிகூடத் திறக்கக்கூடாது. அழியும் அபாயமுள்ளவை என்று பட்டியலிட்ட ஸ்டீபன்ஸ் கங்காரு எலி போன்ற இனம் வாழும் இடமானால் கூட்டாட்சி அனுமதியும் தனியாகத் தேவை.

அடுத்தது ஹான்டா வைரஸ். அமெரிக்காவின் தென்மேற்கில் 1993-இல் கண்டறியப்பட்ட சின் நோம்பிரே வகையின் முதன்மை உறைவிடம் மான் சுண்டெலி. தீக்குப் பின் பெருகுவதும் அதுதான். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 2012-இல் 10 பேருக்கு இந்நோய் வந்து 3 பேர் இறந்தார்கள். எலியின் சிறுநீரும் எச்சமும் காய்ந்து பொடியாகி மூச்சில் போவதுதான் வழி. முகத்தில் இறுக்கமாகப் பொருந்தும் சுவாசக் கவசம், இரட்டைக் கையுறை, காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நிற்பது ஆகிய மூன்றும் எப்போதும் வேண்டும். பயன்படுத்திய பொறிகளை, ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் நனைத்து, பிறகு அலசிக் காயவையுங்கள். மூடிய வண்டிக்குள் அழுக்குப் பொறிகளோடு பயணம் செய்யாதீர்கள். வுட்ராட் கூட்டைக் கிளறும்போது இரத்தம் குடிக்கும் டிரையடோமா பூச்சிகளும் உள்ளே இருக்கலாம். தடித்த கையுறை போடுங்கள்.

எலியைப் பொறியிலிருந்து துணிப்பையிலோ ஜிப் பையிலோ இறக்கி, தொங்கும் வில் தராசில் எடை பாருங்கள். பின்னங்கால் நீளம், காது நீளம், வால் நீளம், பாலினம், பால் தரும் நிலை. சுண்டெலிகளைப் பிரிப்பதில்தான் அதிகம் தவறு நடக்கும். பின்னங்கால் 24 மி.மீ.க்கு மேல், எடை 35 கிராமுக்கு மேல், வால் உடலைவிட நீளம் என்றால் கலிபோர்னியா சுண்டெலி. காது பின்னங்கால் அளவுக்கே நீண்டிருந்தால் பின்யான் சுண்டெலி. சாம்பல் நிறக் குட்டிகளை உறுதியாகப் பிரிக்க முடியாது. ‘இனம் தெரியாத குட்டி’ என்றே எழுதுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம். காதில் எண்ணிட்ட உலோக வில்லை மாட்டுங்கள். கங்காரு எலிக்குக் காது சிறிது, வில்லை கிழிந்து விழும். அதற்குத் தோலடியில் செலுத்தும் மின்னணு அடையாளம் நல்லது. ஒரு விலங்கு கையில் இருக்கும் நேரம் இரண்டு நிமிடத்தைத் தாண்டக்கூடாது, விடுவதும் பிடித்த அதே நிலையில்தான். எரிந்த தரையில் விடும்போது அருகில் வளையோ கல்லிடுக்கோ பார்த்து அதன் வாயில் விடுங்கள். வெட்டவெளியில் திகைத்து நிற்கும் எலி பருந்துக்கு இரை.

எரிக்கும் நாள்

தீ வைப்பது எரிப்புப் பொறுப்பாளரின் வேலை. ஆய்வுக் குழுவுக்கு அன்று வேலை குறைவு என்றாலும் அன்று தவறவிட்டதைப் பிறகு பெற முடியாது. தானியங்கிக் கேமரா வைத்திருந்தால் காலையில் கழற்றுங்கள். பொறி ஒன்றும் உள்ளே இல்லை என்று எண்ணிச் சரிபாருங்கள். பிறகு அரை மணிக்கு ஒருமுறை காற்றின் வேகம், திசை, சூடு, ஈரப்பதம். சமீஸ் கிளைகளை வெட்டி எடை பார்த்து, காயவைத்து மீண்டும் எடை பார்த்தால் உயிருள்ள எரிபொருளின் ஈரம் கிடைக்கும். தெற்குக் கலிபோர்னியாவில் அது 60 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அபாயம் என்று கொள்கிறார்கள்.

எந்தப் பக்கமிருந்து பற்றவைத்தார்கள், தீ காற்றோடு ஓடியதா எதிர்த்து ஊர்ந்ததா என்பதையும் வரைபடத்தில் குறியுங்கள். எதிர்க்காற்றில் மெல்ல ஊரும் தீ முயலுக்குத் தப்ப நேரம் தரும். ஆனால் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்று மண்ணை அதிகம் சுடும். வளைக்குள் இருப்பவற்றுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

தீயின் கடுமையைப் பின்னர் அளக்க எளிய வழி, சமீஸ் எலும்புக்கூட்டில் மிஞ்சிய மிக மெல்லிய குச்சியின் தடிமன். கட்டத்துக்குப் பத்துப் புதர், புதருக்கு மூன்று குச்சி, காலிப்பரால். மெல்லிய குச்சிகள் மிஞ்சியிருந்தால் மிதமான தீ. விரல் தடிமன் மட்டுமே மிஞ்சியிருந்தால் கடுமையானது. முதல் மழைக்குள் இதை முடித்துவிட வேண்டும்.

பிடிபட்டது எத்தனை, இருப்பது எத்தனை

முதல் நிலைக் கணக்கு, நூறு பொறி-இரவுக்கு எத்தனை பிடிப்பு என்பது. 49 பொறி, நான்கு இரவு என்றால் 196 பொறி-இரவு. எலியில்லாமல் கதவு மட்டும் விழுந்த பொறிகளை அரை இரவாகக் கழிக்க வேண்டும். அப்படி 18 இருந்தால் 9 போக 187. பிடிப்பு 28 என்றால் 28-ஐ 100-ஆல் பெருக்கி 187-ஆல் வகுக்க, 15.

தீக்குப் பின் இந்த எண்ணை மட்டும் நம்பினால் ஏமாந்துவிடுவீர்கள். பசித்த எலி பொறிக்கு ஓடி வரும். விதையும் சருகும் எரிந்துபோன தரையில் உங்கள் ஓட்ஸ்தான் விருந்து. அதே எலி நான்கு இரவும் வந்து விழும். உதாரணமாக, தீக்கு முன் முதல் இரண்டு இரவில் 24 எலிக்கு வில்லை மாட்டினீர்கள். அடுத்த இரண்டு இரவில் பார்த்த 20 எலிகளில் 12 வில்லையோடு இருந்தன. மூன்று எண்ணோடும் ஒன்று கூட்டி, 25-ஐ 21-ஆல் பெருக்கி 13-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால், அங்கே இருப்பவை மொத்தம் சுமார் 39 எலி. தீக்குப் பின் 20-க்கு வில்லை. அடுத்து பார்த்தது 21, அதில் வில்லையுள்ளவை 17. 21-ஐ 22-ஆல் பெருக்கி 18-ஆல் வகுத்து ஒன்றைக் கழித்தால் சுமார் 25. பிடிப்பு எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே தெரியும், உண்மையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. ஒவ்வொரு எலிக்கும் அடையாளம் இடுவதற்கு இவ்வளவு பாடுபடுவது இதற்காகத்தான். தரவு போதுமானால் ஆர் (R) என்னும் புள்ளியியல் மென்பொருளில் உள்ள இடம்சார் பிடிப்பு-மறுபிடிப்பு முறையைப் பயன்படுத்தி ஹெக்டேருக்கு அடர்த்தி காணுங்கள். எலி எவ்வளவு தூரம் சுற்றுகிறது என்பதையும் அது கணக்கில் சேர்த்துக்கொள்ளும்.

தீயின் விளைவு என்று சொல்லத் தகுந்தது, எரிந்த கட்டத்தில் ஏற்பட்ட மாற்றத்திலிருந்து எரியாத கட்டத்தில் அதே காலத்தில் ஏற்பட்ட மாற்றத்தைக் கழித்தால் மிஞ்சுவது மட்டுமே. கலிபோர்னியாவில் ஒரு நல்ல மழை ஆண்டு எலிகளை எங்கும் பெருக்கிவிடும், வறட்சி எங்கும் சரித்துவிடும். மழை செய்ததைத் தீயின் கணக்கில் எழுதாமலிருக்க எரியாத கட்டங்கள்தான் காவல்.

எண்களைப் படிக்கும்போது பொதுவாக இந்தப் போக்கை எதிர்பார்க்கலாம். தீயிலிருந்து முதல் மழை முளைவிக்கும் வரை எல்லாமே சரியும். முதல் வசந்தத்தில் சாம்பலிலிருந்து தீக்குப் பின் மட்டும் முளைக்கும் பூச்செடிகள் எழும். அவற்றின் விதை முதிர்ந்ததும் மான் சுண்டெலியும் கங்காரு எலியும் தீக்கு முந்தைய அளவைத் தாண்டிவிடும். இந்த உச்சம் ஓரிரு ஆண்டு நிற்கும். இதைப் பார்த்துவிட்டு ‘தீ சிறு பாலூட்டிகளுக்கு நல்லது’ என்று அறிக்கையை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அதே நேரத்தில் வுட்ராட், கலிபோர்னியா சுண்டெலி, பிரஷ் முயல் வரிசையில் பூஜ்யங்கள் நிற்கும். அந்தப் பூஜ்யங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இன்னொரு விளைவும் கவனிக்கத்தக்கது. வளர்ந்த சாப்பரலின் ஓரத்தில் ஒன்றிரண்டு மீட்டர் அகலத்துக்கு எதுவும் முளைக்காத வெறுந்தரை இருக்கும். புதரின் இலைநஞ்சுதான் காரணம் என்று ஒரு காலத்தில் கருதினார்கள். வலைக்கூண்டு போட்டு எலிகளைத் தடுத்ததும் அங்கே செடி முளைத்தது. புதருக்குள்ளிருந்து வந்து விதையையும் நாற்றையும் தின்றவை எலிகளும் முயல்களும்தான் என்று 1970 வாக்கில் தெரியவந்தது. எரிந்த நிலத்தில் நாற்றுகள் அவ்வளவு தழைப்பதில் எலி இல்லாததற்கும் பங்குண்டு. ஆகவே நாற்று எண்ணிக்கையை எல்லையிலிருந்து உள்நோக்கி 2, 5, 10, 20 மீட்டரில் தனித்தனியாக எடுத்தால் எலியின் மேய்ச்சல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பதும் கூடவே கிடைத்துவிடும்.

எரிப்புத் திட்டத்தில் கேட்டு வாங்க வேண்டியவை

காலம்தான் முதல். பிப்ரவரி முதல் ஜூன் வரை பெரும்பாலான எலிகள் குட்டி போடும் காலம்; கண் திறக்காத குட்டியை எந்த வளையும் முழுதாகக் காப்பாற்றாது, தாய் இறந்தால் அதுவும் இறக்கும். வசந்தத்தில் மண்ணில் ஊறிய விதைகளும் குறைந்த சூட்டிலேயே சாகின்றன. ஜூனில் எரித்தால் நவம்பர் மழை வரை ஐந்து மாதம் தரை வெறுமையாகக் கிடக்கும். இலையுதிர்காலத்தின் கடைசியில் எரித்தால் சில வாரங்களிலேயே பசுமை தொடங்கிவிடும். எலிகளைப் பொறுத்தவரை தீக்கும் முளைப்புக்கும் இடையே உள்ள நாட்கள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. அந்தப் பருவத்தில் வரும் வறண்ட கீழைக்காற்றால் எரிப்புப் பொறுப்பாளர் தயங்குவார், அதில் நியாயம் உண்டு. காற்று அடங்கிய நாட்களுக்காகக் காத்திருக்கும்படி அனுமதிக் காலத்தை நீட்டிக் கேளுங்கள், வசந்தத்துக்குத் தள்ளிவிட விடாதீர்கள்.

வுட்ராட் கூடுகளைத் தீக்கு முன் நடந்து தேடி ஜிபிஎஸ்ஸில் குறியுங்கள். தனித்தனிக் கூட்டைச் சுற்றித் தரையைச் சுரண்டிக் காப்பாற்றினால் கூடு நிற்கும், எலி நிற்காது. சுற்றிலும் உணவும் மறைவும் இருக்காது. கூடுகள் நெருக்கமாக உள்ள இடங்களைக் கண்டு, கால் ஹெக்டேர் முதல் அரை ஹெக்டேர் வரை எரியாத தீவுகளாக விடச் சொல்லுங்கள். பாறைத் திட்டுகளும் ஓடைப் பள்ளங்களும் அதற்கு ஏற்றவை. தீயும் அங்கே இயல்பாகத் தயங்கும். தீவிலிருந்து தீவுக்கு எலி ஓரிரவில் போகும்படி எரியாத அடர்ந்த புதர்க் கோடுகளால் இணைத்தால் இன்னும் நல்லது. எரிந்த பரப்பு ஒரே தடித்த சதுரமாக இருப்பதைவிட, ஓரம் நீண்ட ஒழுங்கற்ற வடிவமாக இருக்கட்டும்.

புல்டோசரால் புதரை நசுக்கிக் காயவைத்துப் பிறகு எரிக்கும் முறை பல இடங்களில் உண்டு. தரையோடு படிந்த எரிபொருள் மண்ணை நெடுநேரம் சுடும் என்பது ஒரு கேடு. நசுக்கிய குவியல் மாதக்கணக்கில் கிடந்தால் முயலும் வுட்ராட்டும் அதில் குடியேறிவிடும் என்பது அடுத்தது. குவியல்களைக் காய்ந்த உடனே எரியுங்கள். முடியாவிட்டால் எரிக்கும் நாளன்று ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பற்றவைத்து மறுபக்கம் வழி விடுங்கள். வட்டமாகச் சுற்றிப் பற்றவைக்கவே கூடாது. தீக்குப் பின் எரியாமல் மிஞ்சிய தடிகளையும் கிளைகளையும் ‘சுத்தம்’ செய்யாமல் அங்கேயே விட வேண்டும். கட்டத்துக்கு வெளியே சில இடங்களில் அவற்றையே சிறு குவியல்களாகச் சேர்த்தால் முதல் மாதங்களில் எலிகளுக்கு மறைவாகும்.

கடைசியாக, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை எரிப்பது. சாப்பரலை 10, 15 ஆண்டுக்குள் திரும்பத் திரும்ப எரித்தால், விதையால் மட்டுமே மீளும் சியனோத்தஸ், மன்சனிட்டா இனங்கள் விதை சேர்க்கும் முன்பே அழிந்து, அன்னிய ஓராண்டுப் புற்களான புரோமும் காட்டு ஓட்ஸும் இடத்தைப் பிடிக்கும். பிறகு அது புதர்க்காடே இல்லை. வுட்ராட் திரும்பி வர இடமும் இருக்காது. முந்தைய தீ 20 ஆண்டுக்குள் நடந்திருந்தால் ‘வனவிலங்கு நலன்’ என்ற காரணம் காட்டி எரிக்கும் திட்டத்துக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். தென்கலிபோர்னியாவின் ரிவர்சைடு பகுதியில் ஸ்டீபன்ஸ் கங்காரு எலிக்காகத் தீ வைப்பதை இதற்கு முன்னுதாரணமாகக் காட்டுவார்கள். 1988-இல் அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டு, 2022-இல் அதற்கு ஒருபடி கீழான அச்சுறுத்தல் நிலைக்கு மாற்றப்பட்ட அந்த எலி வாழ்வது திறந்த புல்வெளியிலும் அடர்த்தி குறைந்த கடலோரப் புதரிலும். அங்கே தீ அடர்ந்த அன்னியப் புல்லை அகற்றுகிறது. மூடிய சாப்பரலுக்கு அந்த வாதம் செல்லாது. அங்கே எரிக்கும் முன் புதரின் வயதைத் தண்டு வளையங்களை எண்ணியோ பழைய தீ வரைபடங்களைப் பார்த்தோ உறுதிசெய்து, அந்த எண்ணைத் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.